ஒன் ஆன் ஒன் மீட்டிங் ஓடவே மாட்டேங்குதா? அறிகுறிய பாத்து சரி பண்ற வழி

சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ்ல எட்டு பேர் டீமுக்கு நாலு வருஷமா லீடா இருக்கேன். டீம்ல சின்னவங்க அக்கான்னு கூப்புடுவாங்க, மூத்தவர் ஒருத்தர் பேர் சொல்லி கூப்புடுவாரு. ஆளுக்கு வாரம் அரை மணி நேரம் ஒன் ஆன் ஒன், அதாவது லீடும் டீம் ஆளும் ரெண்டே பேரா தனியா உக்காந்து பேசற மீட்டிங். முதல் வருஷம் முழுக்க அது சுத்த வேஸ்ட், அவங்களும் கடனேன்னு வருவாங்க நானும் கடனேன்னு உக்காருவேன். அப்புறம் ஒன்னொன்னா எங்க மாட்டுதுன்னு பாத்து பாத்து சரி பண்ணது தான் இது, பாதி நான் பண்ண தப்பு. உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கோ நேரா அங்க போயிடுங்க, வரிசையா படிக்கணும்னு ஒன்னும் இல்ல.

முதல்ல ப்ளக் சொருகியிருக்கான்னு பாருங்க

டிவி ஓடலன்னு மெக்கானிக்க கூப்புட்டா அவர் முதல்ல ப்ளக்க தானே பாப்பாரு. கேலண்டர்ல வாராவாரம் தானா வர்ற இன்வைட் இருக்கா, இல்ல "ஃப்ரீயா இருக்கும்போது பேசலாம்"னு விட்டு வச்சிருக்கீங்களா? ரூமுக்கு கதவு இருக்கா? கண்ணாடி ரூம்னா அவங்க முதுகு வெளிய மத்தவங்க உக்காந்திருக்கற பக்கம் வர்ற மாதிரி உக்கார வைங்க, வெளிய நாலு பேருக்கு முகம் தெரியற எடத்துல யாரும் மனசு விட்டு பேச மாட்டாங்க. உங்க லேப்டாப் மூடியிருக்கா, போன் கவுத்து வச்சிருக்கா? இதுல ஏதாவது ஒன்னு இல்லன்னா கீழ படிக்காதீங்க, இத சரி பண்ணிட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க.

"எல்லாம் ஓகேக்கா, ஒன்னும் இல்ல" – அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது

எல்லாருக்கும் வர்ற ப்ராப்ளம் இது தான். காரணம் ரெண்டு, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால எதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அந்த ஆள் டீ குடிக்கும்போது மத்தவங்ககிட்ட எப்படி பேசறாங்கன்னு பாருங்க. அங்கயும் அமைதின்னா அவங்க சுபாவமே அப்படி இருக்கலாம், இல்ல உங்க கேள்வி செத்த கேள்வியா இருக்கலாம். அங்க கலகலன்னு பேசிட்டு உங்ககிட்ட வந்ததும் வாயில கொழுக்கட்டைன்னா, கோளாறு உங்ககிட்ட. எப்பவோ ஒன்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு நீங்க எதோ பண்ணியிருக்கீங்க, இல்ல ஒன்னுமே பண்ணல.

எங்க டீம்ல ஒரு பையன், வேலைக்கு சேந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு தடவை ரொம்ப தயங்கி தயங்கி, "அக்கா, ஆன் கால் எனக்கு தான் அடிக்கடி வருது, இந்த மாசம் மூணு வீக்கெண்டு"ன்னு சொன்னான். ஆன் கால்னா ஆபீஸ் நேரம் தாண்டி ஏதாவது பிரச்சனை வந்தா போன எடுத்து பாக்கற முறை ட்யூட்டி. நான் என்ன பண்ணேன், அடுத்த நாள் டீம் மீட்டிங்ல ரொம்ப பொறுப்பான லீடாட்டம், "ஆன் கால் ரோஸ்டர் சிலருக்கு கஷ்டமா இருக்குன்னு ஃபீட்பேக் வந்திருக்கு, பாக்கறேன்"னு சொல்லிட்டேன். சிலருக்குன்னு சொன்னா யாருன்னு தெரியாதுன்னு என் நெனப்பு. எட்டு பேர்ல ஒரே மாசத்துல மூணு வீக்கெண்டு பாத்தவன் ஒருத்தன் தான்! அத்தனை பேரும் ஒரே நேரத்துல திரும்பி அவனை பாத்தாங்க, அவன் நோட்டுல என்னமோ எழுதற மாதிரி குனிஞ்சுகிட்டான். அதுக்கப்புறம் அஞ்சு வாரம் "எல்லாம் ஓகேக்கா" தான். நான் வேற, பையன் செட் ஆயிட்டான்னு சந்தோஷமா இருந்தேன், டீமோட மூத்தவர் ஒரு நாள் டீக்கடைல "அவன் ஏன் பேசறதில்லன்னு உனக்கு நிஜமாவே தெரியலையா"ன்னு கேக்கற வரைக்கும்.

இந்த வகைக்கு மருந்து கேள்வி இல்ல. "அன்னைக்கு நான் பண்ணது தப்பு"ன்னு நேரா சொல்லிட்டு, அவங்க சொன்ன விஷயத்த முடிச்சு குடுக்கறது தான். நான் ரோஸ்டர மாத்தி எழுதி, டீமுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன். உடனே ஒன்னும் மாறல, மறுபடி வாய் திறக்க ரெண்டு மாசம் ஆச்சு. அன்னையிலருந்து எந்த ஒன் ஆன் ஒன் முடியும்போதும் ஒரு கேள்வி கேட்டுடுவேன்: "இன்னைக்கு பேசினதுல எத நான் வெளிய எடுத்துட்டு போலாம், எது இங்கயே இருக்கணும்?" அரை நிமிஷ வேலை, ஆனா இத கேக்க ஆரம்பிச்ச அப்புறம் வர்ற விஷயமே வேற.

செத்த கேள்வி தான் காரணம்னா சுலபம். "எப்படி போகுது"ன்னு கேட்டா "நல்லா போகுது" தான் வரும், தெருவுல பாத்து "சாப்டியா"ன்னு கேக்கற மாதிரி அது, யாரும் அதுக்கு நிஜமா பதில் சொல்றதில்ல. பதிலா ஒரு பொருளோ ஆளோ நேரமோ வர்ற மாதிரி கேளுங்க. "போன வாரம் யாரோட பதிலுக்காக ரொம்ப நேரம் காத்துட்டு இருந்தீங்க?" "எந்த மீட்டிங்க நாளைக்கே நிறுத்திட்டா நிம்மதி?" "நான் கேட்டதுல எது உங்களுக்கு தேவையில்லாத வேலைன்னு தோணுச்சு?" கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஆறு வரும்போதே நமக்கு தாங்காது, நாமளே பதில் சொல்லி குடுத்துடுவோம், "ஏபிஐ டீம் தானே லேட் பண்றாங்க?"ன்னு, அவங்களும் ஆமான்னு தலையாட்டிட்டு தப்பிச்சிடுவாங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. ஒன்பதுல வர்றது தான் விஷயம்.

இன்னொன்னு, மொழி. நிறைய பேர் ஆபீஸ் பழக்கத்துல ஒன் ஆன் ஒன்னையும் இங்கிலீஷ்லயே நடத்துறாங்க. சின்ன ஊர்லருந்து வந்த பசங்களுக்கு க்ளையண்ட் கால்ல பேச இங்கிலீஷ் வரும், மனக்குறைய சொல்ல வராது, அதனால எல்லாத்துக்கும் "ஃபைன்" தான். தமிழ்ல கேட்டுப் பாருங்க, அதே ஆள் பத்து நிமிஷம் பேசுவாங்க. டீம்ல தெலுங்கு, மலையாளம் பேசறவங்க இருந்தா அவங்களுக்கு இந்த வழி இல்ல, அவங்ககிட்ட முதல் நாளே விஷயத்த எழுதி அனுப்ப சொல்லிடுவேன், யோசிச்சு எழுதும்போது ஃபைன் தாண்டி ஒன்னு ரெண்டு வரும்.

அரை மணி நேரமும் டிக்கெட் கதை தான் ஓடுது

அந்த டிக்கெட் (சிஸ்டம்ல நம்பர் போட்டு பதிவு பண்ற வேலை) முடிஞ்சுது, இது டெஸ்டிங்ல இருக்கு, அது க்ளையண்ட்கிட்ட பெண்டிங். காலைல ஸ்டாண்டப்ல (டீமே சேந்து பேசற குட்டி மீட்டிங்) கேட்டதையே சாயந்தரம் ரூம்ல உக்காந்து திரும்ப கேக்கறீங்க. அவங்க மேல குத்தம் இல்ல, முதல் கேள்வியே நீங்க "அந்த ரிலீஸ் என்ன ஆச்சு"ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க, அப்ப இது ரிப்போர்ட் குடுக்கற எடம்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க.

சிப் கம்பெனி இன்டெல்ல தலைமைல இருந்த ஆண்டி க்ரோவ் 1983லயே இத பத்தி தெளிவா எழுதி வச்சிருக்காரு. இது மேனேஜரோட மீட்டிங் இல்ல, அவருக்கு கீழ வேலை பாக்கறவரோட மீட்டிங், என்ன பேசணும்னு குறிச்சு எடுத்துட்டு வரவேண்டியது அவர் தான்னு. மேனேஜர் செலவு பண்ற 90 நிமிஷம் அந்த ஆளோட அடுத்த ரெண்டு வாரத்து வேலைய, அதாவது 80 மணி நேரத்துக்கு மேல, மாத்தும்னு ஒரு கணக்கும் போட்டிருக்காரு. ஆனா அந்த 90 நிமிஷத்துல நாம டிக்கெட் நம்பர் படிச்சிட்டு இருந்தா கணக்கு எங்கருந்து வரும்?

நான் பண்றது இது: ஆளுக்கு ஒரு ஷேர்டு பக்கம் இருக்கு, முதல் நாள் சாயந்தரத்துக்குள்ள அவங்க மூணு வரி எழுதணும், என் விஷயம் அதுக்கு கீழ தான் வரும். ஸ்டேட்டஸ் இருந்தா எழுதியே வச்சிடுங்க, நான் படிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டேன். முதல் ரெண்டு மூணு வாரம் காலியா தான் இருக்கும். காலியா இருந்தா நீங்க ரொப்பாதீங்க, ரொப்பினா அதுக்கப்புறம் எப்பவுமே நீங்க தான் ரொப்பணும்.

ஒரு டிக்கெட்ட பத்தி பேசியே ஆகணும்னா "எப்ப முடியும்"ன்னு கேக்காம "இதுல எங்க மாட்டிகிட்டீங்க, முதல்லருந்து சொல்லுங்க"ன்னு கேளுங்க. ஒரு பொண்ணு இப்படி சொல்ல ஆரம்பிச்சதுல தான், டெஸ்ட் சர்வர் ஆக்சஸுக்கு வாராவாரம் ஒருத்தர்கிட்ட மெயில் போட்டு கெஞ்சிட்டு இருக்கான்னே எனக்கு தெரிய வந்துச்சு. நான் ஒரு போன் பண்ணேன், முடிஞ்சுது. ஸ்டேட்டஸ்ல அது மூணு மாசமா "இன் ப்ராக்ரஸ்"னு இருந்துச்சு.

நீங்க தான் ஃபுல்லா பேசறீங்க

இது அறிகுறின்னே தெரியாது, ஏன்னா நமக்கு மீட்டிங் சூப்பரா போன மாதிரி இருக்கும். ஆன்லைன் மீட்டிங்னா ட்ரான்ஸ்க்ரிப்ட் போட்டு, ரெண்டு பேரும் ஒத்துகிட்ட அப்புறம், யார் எவ்ளோ பேசியிருக்கீங்கன்னு ஒரே ஒரு தடவை பாருங்க போதும். நான் பாத்தேன், அதுக்கப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசல.

வாராவாரம் கேன்சல் ஆகுது

யார் கேன்சல் பண்றாங்க? நீங்கன்னா, க்ளையண்ட் கால் வந்துச்சு, எஸ்கலேஷன் வந்துச்சுன்னு காரணம் எல்லாம் நியாயமா தான் இருக்கும், ஆனா மூணாவது தடவை அந்த ஆளுக்கு தெரிஞ்சிடும், உங்க லிஸ்ட்ல நான் கடைசின்னு. கேன்சல் பண்ணாதீங்க, தள்ளி வைங்க, அதே வாரத்துக்குள்ள, புது நேரத்தையும் அப்பவே போட்டுடுங்க. ரிலீஸ் வாரம்னு தெரிஞ்சா அரை மணிய பதினஞ்சு நிமிஷம் ஆக்குங்க, சைபர் ஆக்காதீங்க. எட்டு பேருக்கு அரை மணின்னா வாரத்துக்கு நாலு மணி நேரம், 40 மணி நேர வாரத்துல பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல இல்ல. அதுவும் முடியலன்னா அனுபவம் உள்ளவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு மாத்துங்க, புதுசா ஒரு வேலைய எடுத்தவங்களுக்கு மட்டும் வாரம் விடாதீங்க. ஒருத்தர் பத்து வருஷ சீனியரா இருந்தாலும் அந்த வேலைக்கு புதுசுன்னா புதுசு தான்.

அவங்க கேன்சல் பண்றாங்கன்னா மேல "எல்லாம் ஓகே"க்கு போங்க, அதே வியாதி தான் கொஞ்சம் முத்தினது.

கதவு வரைக்கும் போயிட்டு "அப்புறம் ஒரு சின்ன விஷயம்..."

இது தான் ரொம்ப ஆபத்தானது. முன்னாடி சொன்ன டெஸ்ட் சர்வர் பொண்ணு தான். அரை மணி நேரம் என்னென்னமோ பேசிட்டு, லேப்டாப்ப மூடி பைல வச்சு, ஐடி கார்ட கழுத்துல சரி பண்ணிகிட்டு, கதவுல கைய வச்சிட்டு, "ஒரு சின்ன விஷயம் இருக்கு, அவசரம் இல்ல, அடுத்த வாரம் பேசிக்கலாமா"ன்னா. எனக்கு அடுத்த கால் இருந்துச்சு. சரின்னுட்டேன். அடுத்த வாரம் ரிலீஸ், நானே கேன்சல் பண்ணேன். அதுக்கு அடுத்த திங்கக்கிழமை காலைல மெயில், பேப்பர் போட்டுட்டா. தொண்ணூறு நாள் நோட்டீஸ்.

அந்த சின்ன விஷயம் என்னன்னா, அப்பாவுக்கு உடம்பு முடியல, மூணு மாசம் திருநெல்வேலிலருந்து வேலை பாக்க முடியுமான்னு கேக்க வந்திருக்கா. என்னால முடியற விஷயம் அது, ஒரு மெயில்ல முடிஞ்சிருக்கும். நோட்டீஸ் பீரியட்ல உக்கார வச்சு கேட்டப்ப தான் சொன்னா, அதுக்குள்ள கைல வேற ஆஃபர், ஃபுல் ரிமோட்.

பெரிய விஷயத்த நம்ம ஆளுங்க "சின்ன விஷயம்"னு தான் ஆரம்பிப்பாங்க, கல்யாண பத்திரிகை குடுக்கும்போது கூட "ஒரு சின்ன ஃபங்ஷன்"னு தானே சொல்றோம். அதனால அந்த வார்த்தை காதுல விழுந்தா உக்காருங்க. அடுத்த கால்ல இருக்கறவங்களுக்கு பத்து நிமிஷம் லேட்னு மெசேஜ் போடுங்க, அவங்க முன்னாடியே போடுங்க, அத பாத்தாலே பாதி பயம் போயிடும். நிஜமாவே முடியலன்னா அன்னைக்கு சாயந்தரமே, அடுத்த வாரம் கிடையாது.

இது வராம தடுக்கவும் வழி இருக்கு. க்ரோவும் சொல்லியிருக்காரு, கஷ்டமான விஷயம் பெரும்பாலும் கடைசில தான் வரும், நேரம் கம்மியா இருந்தா சட்டுன்னு முடியற விஷயத்த மட்டும் பேசிட்டு போயிடுவாங்க, அதனால குறைஞ்சது ஒரு மணி நேரம் வைங்கன்னு. எட்டு பேருக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் என்னால முடியல. பதிலா, முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது "பேச வந்துட்டு இன்னும் பேசாத விஷயம் ஏதாவது இருக்கா?"ன்னு கேக்கறேன். கதவுகிட்ட வர்றது மேஜைலயே வந்துடும்.

அதே குறை, ஒவ்வொரு வாரமும்

ரெண்டு மாசமா ஒரே புலம்பல், பில்டு (எழுதின கோட ஓடற ப்ரோக்ராமா மாத்தறது) ஸ்லோ, அந்த டீம் ரிப்ளை பண்றதில்லன்னு. நமக்கு எரிச்சல் வரும், "இவருக்கு இதே வேலை"ன்னு. உங்க நோட்ட எடுத்து பாருங்க, இல்ல நோட்டே இல்லையா, அப்ப அது தான் வியாதி. ஒவ்வொரு தடவையும் "பாக்கறேன்"னு சொல்லியிருப்பீங்க, கிணத்துல போட்ட கல்லு மாதிரி சத்தமே இல்ல, அதனால அவங்க மறுபடி மறுபடி போட்டு பாக்கறாங்க.

"பாக்கறேன்" என்கிற வார்த்தைய எடுத்துடுங்க. மூணுல ஒன்னு சொல்லுங்க: "பண்றேன், இந்த தேதிக்குள்ள", இல்ல "என் கைல இல்ல, இவர்கிட்ட கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்", இல்ல "இது நடக்காது, காரணம் இது". மூணாவது சொல்ல வாய் வராது, ஆனா அத கேட்டு யாரும் செத்துடறதில்ல, ரெண்டு மாசம் இழுத்தடிக்கறது தான் ஆள கொல்லும். ஒவ்வொரு மீட்டிங்கயும் உங்க வீட்டுப்பாடத்துல ஆரம்பிங்க. "போன வாரம் ரெண்டு விஷயம் சொன்னேன், ஒன்னு முடிஞ்சுது, இன்னொன்னுக்கு பதில் வரல, நேத்து மறுபடி கேட்டிருக்கேன்." முடியலன்னாலும் சொல்லுங்க. நீங்க ஹோம்வொர்க் பண்றத பாத்தா அவங்களும் அவங்களோடத பண்ணிட்டு வருவாங்க.

எதையும் பண்ணி முடிச்ச அப்புறமும் புலம்பல் நிக்கலன்னா விஷயம் பில்டே இல்ல. "பில்டு நாளைக்கே வேகமாயிடுச்சுன்னு வை, அப்புறம் என்ன கஷ்டம் மிச்சம்?"னு கேளுங்க.

ஹைக், ப்ரமோஷன், ஆன்சைட் மட்டும் தான் பேசறாங்க

கேக்கட்டுமே, அதுக்கு தானே வேலைக்கு வந்திருக்கோம். இங்க தப்பு நம்ம பூசி மெழுகறது, "நல்லா பண்ணிட்டு இருக்கீங்க, கண்டிப்பா பாப்போம்"னு சொல்லிட்டு அப்ரைசல் லெட்டர் வந்ததும் முகத்த மறைச்சிட்டு சுத்தறது. ரேட்டிங்க நான் ரெக்கமண்ட் பண்ணலாம், பர்சென்டேஜ் மேல முடிவாகும், இதுதான் நிஜம்னு முதல்லயே சொல்லிடுங்க. அடுத்த லெவல் ஆள் செய்யற வேலைல இவங்க இன்னும் தொடாதது எது, அதுல ஒன்ன இந்த காலாண்டுலயே கைல குடுங்க. குறை இருந்தா அப்பப்ப ஒன் ஆன் ஒன்லயே சொல்லிடுங்க, ஜூன்ல நடந்தத மார்ச் அப்ரைசல்ல முதல் தடவையா கேள்விப்பட்டா யாருக்கும் கோவம் வரும், எனக்கும் வரும்.

அழுதுட்டாங்க, இல்ல ரொம்ப சீரியஸா ஒன்னு சொல்லிட்டாங்க

தண்ணி குடுங்க, சும்மா இருங்க, உடனே அறிவுரை சொல்லாதீங்க. "சரியாயிடும்"னு சொல்லாதீங்க, உங்களுக்கு தெரியாது. லீவு வேணுமா, வேலைய யாருக்காவது மாத்தணுமான்னு மட்டும் கேளுங்க, உங்க கைல இருக்கறது அது தான். மனசளவுல ரொம்ப ஓஞ்சு போயிருக்காங்கன்னு தெரிஞ்சா அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கு, இலவசம், தமிழ்லயும் பேசலாம், அத குடுங்க. இதையெல்லாம் ஷேர்டு பக்கத்துல எழுதாதீங்க.

ஒன்னே ஒன்னு மட்டும் ஜாக்கிரதை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்ப தான் சொல்வேன்"னு ஆரம்பிச்சா சத்தியம் பண்ணாதீங்க. பாலியல் தொல்லை மாதிரி விஷயமா இருந்தா அத நீங்களே பஞ்சாயத்து பண்ணி முடிக்கற அதிகாரம் உங்களுக்கு கிடையாது. 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடத்துல அதுக்குன்னு உள்ளக் கமிட்டி இருக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், சரியான காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். "சில விஷயம்னா நான் கமிட்டிக்கு தெரியப்படுத்த வேண்டி வரும், ஆனா உன்ன கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்"னு முதல்லயே சொல்லிடுங்க, அப்புறம் அவங்க முடிவு பண்ணட்டும்.

வயசுல மூத்தவர், இல்ல நேத்து வரைக்கும் பக்கத்து சீட்டு ஃப்ரெண்டு

ரூம் செட் ஆகாது. கூட நடங்க. எங்க மூத்தவரோட ஒன் ஆன் ஒன் பில்டிங்க ரெண்டு சுத்து சுத்தி டீக்கடைல முடியும், எதிர் எதிர்ல உக்காந்தா "நீ என்ன கேள்வி கேக்கற"ன்ற மாதிரி ஆயிடும், பக்கத்துல நடந்தா அப்படி இல்ல. அவர்கிட்ட நான் கேள்வி கேக்கறத விட யோசனை கேக்கறது அதிகம், அத நடிப்பா கேக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க.

கேமரா ஆஃப், மியூட்ல டைப் அடிக்கற சத்தம்

கேமரா போடுன்னு அதட்டாதீங்க, ஹாஸ்டல்ல நாலு பேரோட ரூம்ல இருக்கலாம், பின்னாடி வீட்டுல சண்டை ஓடிட்டு இருக்கலாம். சும்மா போன் பண்ணுங்க. ரெண்டு பேரும் மொட்டை மாடில நடந்துகிட்டே பேசினா டீம்ஸ் வீடியோ கால விட பத்து மடங்கு தேவலாம்.

நல்லா தான் போகுது, ஆனா பதினஞ்சு நிமிஷத்துல விஷயம் தீந்துடுது

இது கோளாறு இல்ல. கடைசி கேள்விய கேட்டுட்டு, ஒன்னும் இல்லன்னா எந்திரிச்சிடுங்க, மிச்ச நேரத்த ரொப்பறதுக்காக டிக்கெட் லிஸ்ட்ட திறக்காதீங்க.